ரெய்க்கி என்னும் கை வைத்தியம்

நேயர்களே, "கைராசி" என்று ஒரு சொல் நம் தமிழில் உண்டு. ஒரு மருத்துவரின் படிப்பையும் பட்டத்தையும் விசாரித்து அறிந்த பின்னரும், "அவருக்குக் கைராசி எப்படி?" என்று கேட்காமல் நம் வீட்டுப் பெரியவர்கள் விடுவதில்லை. மருந்து ஒன்றேயாயினும் கொடுக்கும் கை வேறானால் பலனும் வேறாகும் என்பது அவர்கள் துணிபு. விதை ஊன்றவும், கடையில் முதல் போணி செய்யவும் கைராசி பார்க்கும் மக்கள் நாம். கையில் ஓர் ஆற்றல் உண்டு என்னும் இந்த நம்பிக்கையையே ஒரு முழு வைத்திய முறையாக வகுத்து, அதற்குப் படிகளும் பயிற்சியும் ஏற்படுத்தியவர்கள் ஜப்பானியர். அம்முறையின் பெயர் ரெய்க்கி. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அதுவே.

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இப்பொருள் ஒரு வகையில் மிக நெருங்கியது. ஊரிலே குழந்தை இரவில் வீரிட்டு அழுதால் பாட்டி எழுந்து வருவாள். உரம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவுவாள். தலைவலி என்றால் சுக்கை உரசிப் பற்றுப் போட ஒருத்தி இருப்பாள். பெருநகரத்து மூன்றாம் மாடிக் குடியிருப்பில் அந்தக் கை இல்லை. மருத்துவமனைக்குச் சென்றாலோ வரிசை நீளம். மருத்துவர் நம் மொழி அறியாதவர். நமக்குக் கிட்டுவது சில நிமிடங்கள். இவ்வாறு தொடுவாரும் கேட்பாரும் இல்லாத வேளையில், மருந்துமில்லை, கத்தியுமில்லை, ஒரு மணி நேரம் உங்கள்மேல் கையை வைத்திருப்பதே வைத்தியம் என்று ஒருவர் சொன்னால், மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பே. 1990களிலிருந்து நம் நாட்டுப் பெருநகரங்களில் ரெய்க்கி பரவியதற்கு இந்த ஏக்கமும் ஒரு காரணம் எனலாம். ஆகவே இம்முறையின் பிறப்பு என்ன, வழி என்ன, ஆற்றல் எவ்வளவு, எல்லை எது என்பவற்றை ஆய்ந்து அறிவது நமக்கு நலம் பயக்கும்.

முதலில் பெயரைக் காண்போம். ரெய், கீ என்னும் இரண்டு ஜப்பானியச் சொற்களின் கூட்டே ரெய்க்கி. ரெய் என்பது ஆன்மா, புனிதம் என்னும் பொருள்களைத் தரும். கீ என்பது உயிர்மூச்சு, உயிராற்றல். சீனர் "சீ" என்று வழங்குவதும், நம் யோக நூலார் பிராணன் என்று கூறுவதும் ஏறத்தாழ இக்கருத்தையே குறிப்பன. உடலில் இவ்வாற்றல் தடையின்றி ஓடினால் நலம், தடைப்பட்டால் நோய் என்பது கீழ்த்திசை நாடுகள் பலவற்றிற்கும் பொதுவான ஒரு பழங்கொள்கை. எனினும், ரெய்க்கி ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த முறை என்று எண்ணிவிடலாகாது. இன்று வழங்கும் ரெய்க்கிக்கு வயது சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டே.

ஜப்பான் தேசத்தில் 1868 ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு ஏற்பட்ட பின்னர், மேனாட்டுக் கல்வியும் தொழில்களும் வெள்ளமென உட்புகுந்தன. 1874 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மருத்துவ ஒழுங்குமுறை, ஐரோப்பிய மருத்துவத்தையே நாட்டின் மருத்துவமாக ஏற்றது. பழைய மூலிகை வைத்தியரும் அக்குபங்சர் வல்லுநரும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். புதிய மருத்துவம் பல நோய்களைத் தீர்த்தது உண்மை. ஆயினும் மனத்தின் கலக்கத்திற்கும் நாட்பட்ட நோவிற்கும் விடை தேடிய மக்கள் இருந்துகொண்டே இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூச்சுப் பயிற்சி, தியானம், கையால் தொட்டுக் குணப்படுத்தல் எனப் பலவகை முறைகள் அந்நாட்டில் தழைத்தன. அவற்றுள் ஒன்றாகவே ரெய்க்கியும் தோன்றியது.

இதனை நிறுவியவர் மிக்காவோ உசுயி. ஜப்பானின் கிஃபு மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1865 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் பிறந்தவர். வாழ்வில் பல தொழில்களை முயன்றும் நிலைபெறாத அவர், கியோட்டோ நகருக்கு வடக்கேயுள்ள குராமா மலையில் 1922 ஆம் ஆண்டில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார் என்றும், அதன் முடிவில் ஓர் ஆற்றல் தம் தலைக்குமேல் வந்திறங்கியதாக உணர்ந்தார் என்றும் அவருடைய மாணவர் பதித்துள்ளனர். அவ்வாண்டிலேயே தோக்கியோ நகரில் ஒரு கழகத்தைத் தொடங்கி, தாம் கண்ட முறையைப் பிறருக்குப் பயிற்றலானார்.

மறு ஆண்டில் அவருக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. 1923 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், தோக்கியோ, யோக்கொஹாமா நகரங்களைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. வீடுகளில் அடுப்பெரிந்துகொண்டிருந்த நேரம். மரத்தாலான வீடுகள், தீ பரவியது. ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். காயம்பட்டோர் எண்ணிலர். உசுயியும் அவருடைய மாணவரும் நகரெங்கும் சென்று துன்புற்றோர்மீது கைவைத்து ஆறுதல் அளித்தனர் என்று, அவர் மறைவுக்குப் பின் 1927 இல் தோக்கியோவின் சைஹோஜி ஆலயத்தில் நடப்பெற்ற நினைவுக் கல் கூறுகின்றது. அவர் 2,000 பேருக்கு மேல் பயிற்றுவித்தார் என்பதும் அக்கல்லில் கண்ட செய்தியே. 1926 ஆம் ஆண்டு மார்ச்சு 9 ஆம் நாள், பயணம் சென்றிருந்த ஃபுக்குயாமா நகரில் அவர் காலமானார்.

உசுயி தம் மாணவருக்கு முதன்மையாக வற்புறுத்தியது கையை எங்கே வைப்பது என்பதையன்று. மனத்தை எவ்வாறு வைப்பது என்பதையே. சினத்தை விடுதல், கவலையை விடுதல், நன்றி மறவாமை, உழைப்பில் ஊக்கம், பிறரிடம் பரிவு என்னும் ஐந்து ஒழுக்கங்களைக் காலையும் மாலையும் நினைந்து பயிலவேண்டும் என்றார். வாழ்நாள் முழுவதற்கும் சபதம் செய்யச் சொல்லவில்லை. இன்று ஒரு நாளைக்கு மட்டும் என்றே அதனைப் பயிலச் சொன்னார். மனித இயல்பை அறிந்தவர் சொல் இது என்பதில் ஐயமில்லை.

உசுயியிடம் பயின்றவர்களுள் ஒருவர் சுஜீரோ ஹயாஷி, கடற்படையில் அதிகாரியாய் இருந்தவர். அவர் தோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். நோயாளியைக் கிடத்தி, உடலின் எந்தெந்த இடத்தில் எவ்வாறு கைவைப்பது என்னும் ஒழுங்கை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இவருடைய நிலையத்திற்கு 1930களின் நடுவில் வந்து சேர்ந்த ஒரு பெண்மணியே, ரெய்க்கியை உலகறியச் செய்தவர். அவர் வரலாறு, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் ஊன்றிக் கேட்கத்தக்கது.

அவர் பெயர் ஹவாயோ தக்காத்தா. ஹவாய்த் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் குடியேறிய ஜப்பானியத் தம்பதியருக்கு, 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் கவாய்த் தீவில் பிறந்தவர். பிறந்த தீவுக் கூட்டத்தின் பெயரையே பெற்றோர் மகளுக்கு இட்டனர். 1930 ஆம் ஆண்டில் கணவரை இழந்தார். இரண்டு பெண் குழந்தைகளைக் காக்க ஓயாது உழைத்ததில் உடல் நலிந்தது. மூச்சிரைப்பும் வயிற்று நோவும் வாட்டின. 1935 ஆம் ஆண்டில் முன்னோர் நாடான ஜப்பானுக்குச் சென்றார். அங்கே அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடாகியிருந்த வேளையில் அது வேண்டாம் என்று ஒரு குரல் உள்ளே ஒலித்ததாகவும், அதன்பின் ஹயாஷியின் நிலையத்திற்குச் சென்று சில மாதங்களில் நலமடைந்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். சிகிச்சை செய்தோர் கைகளில் எழுந்த வெம்மையைக் கண்டு, எங்கேனும் மின்கருவி ஒளிந்திருக்கிறதோ என்று தாம் தேடிப் பார்த்ததையும் அவர் நகைச்சுவையோடு எடுத்துரைப்பதுண்டு.

தக்காத்தா அங்கேயே தங்கிக் கலையைக் கற்றார். 1937 இல் ஹவாய்க்குத் திரும்பினார். 1938 இல் ஹயாஷி அவரை ஆசிரியராக அறிவித்தார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபின், அமெரிக்க மண்ணில் வாழ்ந்த ஜப்பானியரெல்லாம் ஐயத்திற்கு ஆளாயினர். அத்தகைய சூழலில் ஒரு ஜப்பானியக் கலையை அமெரிக்கர் ஏற்கச் செய்வது எளிதாயிருக்கவில்லை. உசுயி ஒரு கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர் என்றும், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்றும் தக்காத்தா கூறிவந்த கதைக்கு ஆதாரம் ஏதும் பின்வந்த ஆராய்ச்சியாளருக்குக் கிட்டவில்லை. கேட்பவர் நாட்டிற்கு ஏற்பக் கதையின் உடையை மாற்றினார் என்று கருதுவோர் உண்டு. வேற்று நாட்டில் தம் வீட்டுப் பொருளை விலைபேசும் எவரும் எதிர்ப்படும் சோதனை இது. அதன் நியாய அநியாயத்தை நேயர்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

1970க்குப் பின் அவர் ஆசிரியர்களையும் உருவாக்கத் தொடங்கினார். அந்தத் தகுதிக்கு அவர் விதித்த கட்டணம் 10,000 டாலர். 1980 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவரால் ஆசிரியரானோர் 22 பேர். இந்த 22 பேர் வழியாகவே ரெய்க்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பின்னர் இந்தியாவிலும் பரவியது. தாயகமான ஜப்பானிலோ அது அரிதாய் ஒடுங்கிக் கிடந்து, 1980களில் மேனாட்டிலிருந்து மீண்டும் இறக்குமதியாயிற்று. குடியேறியவர் மகள் ஒருத்தி கொண்டுசென்ற விதை, மூல நிலத்திற்கே திரும்பி வந்து முளைத்தது.

இனி, செய்முறையைப் பார்ப்போம். ரெய்க்கி பயிற்சியில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் தம்மையும் அருகிலிருப்போரையும் தொட்டுச் சிகிச்சை செய்யக் கற்கிறார்கள். இரண்டாம் படியில் சில குறியீடுகளைக் கற்று, தொலைவிலிருப்போருக்கும் ஆற்றலை அனுப்பலாம் என்று பயிற்றுவிக்கப்படுகிறார்கள். மூன்றாம் படி ஆசிரியர் ஆவதற்குரியது. ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் மாணவருக்கு ஒரு சடங்கைச் செய்துவைப்பார். நம் நாட்டுக் குரு தீட்சையை அதற்கு ஒப்பிடலாம்.

சிகிச்சை பெறுபவர் உடையோடு படுத்திருப்பார். சிகிச்சை செய்பவர் தம் உள்ளங்கைகளைத் தலை, கண்கள், காதோரம், கழுத்து, மார்பு, வயிறு, முதுகு என ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் மென்மையாக வைத்திருப்பார். அல்லது சற்று உயரே நிறுத்துவார். அழுத்துவதில்லை; பிசைவதில்லை; எண்ணெய் இல்லை; மருந்து இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இவ்வாறு செல்லும். சிலர் வெம்மையை உணர்வதாகச் சொல்வர்; சிலர் உறங்கிவிடுவர். சிகிச்சை செய்பவரின் சொந்தச் சக்தி செலவாவதில்லை, அண்டத்திலுள்ள ஆற்றல் அவர் வழியாகப் பாய்கிறது என்பது ரெய்க்கியாளர் கொள்கை.

இது மெய்தானா என்று நேயர்கள் கேட்பீர்கள். அக்கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, அப்படி ஓர் ஆற்றல் உண்டா? இரண்டு, சிகிச்சை பெற்றவருக்கு ஆறுதல் ஏற்படுகிறதா? மூன்று, நோய் தீர்கிறதா? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே, ஒரு சாரார் கண்ணை மூடி நம்பவும் மற்றொரு சாரார் கண்ணை மூடி எள்ளவும் நேர்கிறது.

முதற் கேள்வி. மனித உடலிலிருந்து வெப்பம் வெளிப்படுவதை அளக்கலாம். இதயத்தின் மின்னோட்டத்தை ஈ.சி.ஜி. கருவியால் வரையலாம். ஆனால் நோயைத் தீர்க்கும் தனியாற்றல் ஒன்று உள்ளங்கையிலிருந்து பாய்வதை எந்தக் கருவியும் இதுவரை காட்டியதில்லை. அமெரிக்காவில் எமிலி ரோசா என்னும் பள்ளிச் சிறுமி, தன் ஒன்பதாம் வயதில் ஓர் எளிய சோதனை செய்தாள். ரெய்க்கியை ஒத்ததாய், உடலுக்கு மேலே கையை அசைத்து ஆற்றலைச் சீர்செய்யும் "தெரப்யூடிக் டச்" என்ற முறை அங்கே செவிலியரிடையே பரவியிருந்தது. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான டோரா குன்ஸ், சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சங்கத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராயிருந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அம்முறையில் வல்ல 21 பேரை எமிலி ஒவ்வொருவராக அமரச் செய்தாள். இடையே ஒரு தட்டி. அதில் இரண்டு துளைகள். அவர்கள் இரு கைகளையும் துளை வழியே நீட்டி உள்ளங்கை மேலாக வைக்கவேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதேனும் ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுசெல்வாள். எந்தக் கையின்மேல் ஆற்றலை உணர்கிறீர்கள் என்று அவர்கள் சொல்லவேண்டும். 280 முறை சோதித்ததில் சரியான விடை 123 மட்டுமே. அதாவது 44 விழுக்காடு. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி சரியாயிருக்கும்! 1998 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இச்சோதனை வெளியாயிற்று. அது ரெய்க்கியைச் சோதித்ததன்று. எனினும் கையால் ஆற்றலை உணர்கிறோம் என்போர் யாவரும் பதில் சொல்லவேண்டிய சோதனை அது.

இரண்டாம் கேள்வி, ஆறுதலைப் பற்றியது. ஆறுதல் கிட்டுகிறது என்று சொல்வோர் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அமைதியான அறையில் ஒரு மணி நேரம் படுத்திருப்பதே பலருக்கு அரிய ஓய்வு. அதனோடு, தன்மேல் அக்கறை கொண்ட ஒருவரின் கை. பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள், குடல் எரிச்சல் நோயால் நாட்பட்டு வருந்திய 262 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முதற் குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. இரண்டாம் குழுவுக்கு உடலில் குத்தாத போலி ஊசிச் சிகிச்சை, பேச்சு அதிகமின்றித் தரப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு அதே போலி ஊசிதான். ஆனால் செய்பவர் அருகமர்ந்து, நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பரிவோடு பேசினார். போதிய நிவாரணம் கிட்டியது என்றோர் முதற் குழுவில் 28 விழுக்காடு, இரண்டாவதில் 44 விழுக்காடு, மூன்றாவதில் 62 விழுக்காடு. ஊசி போலியானது, பரிவு போலியன்று. கைராசி என்று நம் முன்னோர் சொன்னதில் ஒரு பகுதி இதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ?

ஆயினும், ரெய்க்கிக்கே உரிய பலன் என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட இயன்றதா? மனத்தளர்ச்சிக்கும் பதற்றத்திற்கும் ரெய்க்கி உதவுமா என்று காக்ரேன் என்னும் அனைத்துலக ஆய்வுத் தொகுப்பு 2015 ஆம் ஆண்டில் ஆராய்ந்தது. தகுதியுள்ள சோதனைகளாக அதற்குக் கிட்டியவை மூன்றே. அவற்றில் அத்தகைய குறையுடையோர் 62 பேர். பயன் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லச் சான்று போதாது என்பதே அதன் முடிவு.

மூன்றாம் கேள்வியே உயிர்நாடியானது. மனத்திற்கு ஆறுதல் கிட்டினால் நோயும் தீர்ந்ததாகுமா? இதற்கு விடையாக, ஆஸ்த்மா நோயாளரிடம் செய்யப்பெற்று 2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வோம். நோயாளருக்கு ஒருமுறை உண்மையான மூச்சு மருந்து தரப்பட்டது. ஒருமுறை மருந்தில்லாத வெறும் புகைக் குப்பி. ஒருமுறை போலி ஊசிச் சிகிச்சை. ஒருமுறை ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 விழுக்காடு, வெறும் குப்பிக்கு 45, போலி ஊசிக்கு 46 என்று ஏறத்தாழ ஒன்றுபோலவே சொன்னார்கள். ஒன்றுமே தராதபோது 21 விழுக்காடு. ஆனால் நுரையீரலின் காற்றுப் போக்கைக் கருவியால் அளந்தபோது, உண்மை மருந்து 20 விழுக்காடு முன்னேற்றம் தந்தது. மற்ற மூன்றும், ஒன்றுமே தராத நிலை உட்பட, 7 விழுக்காடு அளவிலேயே நின்றன.

இதன் பொருளை நன்கு உணரவேண்டும். நோயாளி தேறிவிட்டதாகவே உணர்கிறார்; மூச்சுக்குழலோ சுருங்கியபடியே இருக்கிறது. ஆறுதல் மெய், ஆபத்தும் மெய். நோயாளியின் சொல்லை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தினால், ஓர் இரவில் அந்தச் சுருங்கிய குழல் உயிரையே கொள்ளக்கூடும். இன்சுலினை நம்பி வாழும் நீரிழிவு நோயாளிக்கும், இரத்த அழுத்தம் மிக்கவருக்கும், வலிப்பு மருந்து உண்பவருக்கும் இது பொருந்தும். புற்றுநோயில் இதன் விலை இன்னும் பெரிது. பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு உரிய மருத்துவத்தை ஒதுக்கிவிட்டு மாற்று முறைகளை மட்டுமே நாடிய 281 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டு இதழில் எழுதினர். உரிய மருத்துவம் பெற்றோரோடு ஒப்பிட, அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு; மார்பகப் புற்றுநோயிலோ ஐந்து மடங்கிற்கும் மேல்.

"தக்காத்தா அறுவைச் சிகிச்சையை விலக்கித்தானே பிழைத்தார்?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. பிழைத்தவர் தம் கதையைச் சொல்ல நம் முன் நிற்கிறார். அதே முடிவெடுத்துப் பிழையாமற் போனவர், சொல்ல வருவதில்லை. ஆகவே நம் செவிக்கு எட்டும் கதைகள் யாவும் வென்றவர் கதைகளாகவே இருக்கும். ஒருவர் அனுபவம் எத்துணை உண்மையாயினும், அது மற்றவர் உடலுக்குச் சான்றாகாது.

அப்படியானால் ரெய்க்கியை நாடவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில மருத்துவமனைகளில் நோயாளிக்கு மன அமைதி தரும் துணையாக இதற்கு இடம் தந்திருக்கிறார்கள். மருந்துக்கு மாற்றாக அன்று. அந்த எல்லைக்குள் விரும்பிச் செல்வோர் செல்லலாம். ஆயின், செல்லுமுன் நான்கு செய்திகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து அன்றே விலகிவிடவேண்டும். உடலைத் தொட்டுப் பார்த்து உள்ளே இன்ன நோய் இருக்கிறது, அல்லது இல்லை என்று சொல்பவரை நம்பலாகாது; அது இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சொல்லவேண்டியது. உடையைக் களையச் சொல்வதற்கும், தொடக்கூடாத இடத்தைத் தொடுவதற்கும் இம்முறையில் காரணமே இல்லை. பெண்கள் துணையோடு செல்வது நன்று. நான்காவது, கட்டணம். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று கடன் வாங்கிப் பணம் கட்டும் நிலை வந்தால், நாடியது அமைதியன்று என்பதை உணர்ந்து நிறுத்திவிடவேண்டும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. மருந்துகளையும் மந்திரப் பரிகாரங்களையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954 ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில் புற்றுநோய், நீரிழிவு முதலிய நோய்கள் பெயர் குறித்து அடக்கப்பெற்றுள்ளன. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றின் அற்புத ஆற்றலால் அந்நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது இந்நாட்டில் எந்த மாநிலத்திலும் குற்றமே. ஆதலால், புற்றுநோயைக் கைவைத்தே போக்குவோம் என்னும் அறிவிப்பைக் காணும்போது, அறிவு மட்டுமன்றிச் சட்டமும் நம்மை எச்சரிக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னொன்று. கட்டணம் கொடுத்து நாம் பெறுவது எது என்று எண்ணிப் பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்து அமைதியும், பரிவுள்ள ஒரு கையுமே. இவ்விரண்டும் நம் வீட்டிலேயே இல்லாதன அல்ல. ஊரிலிருந்து அழைத்துவந்த வயதான தாயை நினைத்துப் பாருங்கள். இந்தியோ மராத்தியோ வங்காளியோ அவர் அறியார். பகலெல்லாம் நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கிறார். மார்பில் ஒரு வலி வந்தால் "வாயுதான்" என்று தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். மகனின் வேலை கெடுமே என்று மறைக்கிறார். இவருக்கு வேண்டிய கை எது? மாலையில் வீடு திரும்பியதும் அருகே அமர்ந்து அவர் காலைப் பிடித்துவிடும் கை. எங்கே வலிக்கிறது என்று தமிழிலே கேட்டு, அதனை மருத்துவரின் மொழியில் பிழையின்றி எடுத்துரைக்கும் வாய். மார்பு வலி தோளுக்கும் தாடைக்கும் பரவுகிறது என்றாலோ, வியர்த்துக் கொட்டுகிறது என்றாலோ, கைவைத்துப் பார்த்திருக்க நேரமில்லை. அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அங்கே சிகிச்சை நடக்கும்போது, அனுமதித்த நேரமெல்லாம் அவர் கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருக்கலாம்.

தனித்து வாழும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அறைத் தோழனுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரையை வேளை தவறாமல் நினைவூட்டுபவனும் ஒரு வைத்தியனே. நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு நில்லாது, மொழி தெரியாத நோயாளியோடு மருத்துவமனைக்குத் துணை செல்ல இருவர் மூவரை ஏற்பாடு செய்துவைக்குமானால், அது பெரும் புண்ணியமாகும்.

மிக்காவோ உசுயி தம் மாணவருக்கு உரைத்த ஐந்து ஒழுக்கங்களுக்குக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா. சினமும் கவலையும் ஒரு நாளேனும் குறைந்தால், உழைப்பும் நன்றியும் பரிவும் ஒரு நாளேனும் மிகுந்தால், நோயுற்றவருக்கு மட்டுமன்றி நோயற்றவருக்கும் அது நன்மையே. அதனை ஏற்போம். நோய்க்கு மருத்துவரை நாடுவோம். மருந்தை நாள் தவறாது உட்கொள்வோம். நோயுற்றவரைத் தனியே விடாதிருப்போம்.